அறுபத்து நான்கில் ஒன்று

தூத்துக்குடியில் அந்தக் கட்டடத்துக்கு அரசு சூட்டிய பெயர் நீளமானது. அதைச் சொன்னால் ஆட்டோ நகராது. 'காசு மண்டபம்' என்றால் எல்லோருக்கும் தெரியும். மண்டபத்தின் நடுவே ஆள் உயரத்துக்கு ஒரு கண்ணாடிக் குழாய் நிற்கிறது. காற்று முழுவதும் உறிஞ்சப்பட்ட அக்குழாய்க்குள் ஒரே ஒரு காசு. ஏதோ ஓர் அணு சிதையும் கணமே அதைச் சுண்டும் விசையைத் தீர்மானிக்கிறது. விழப்போவது பூவா தலையா என்று முன்கூட்டிச் சொல்லக்கூடிய மனிதரும் இல்லை, இயந்திரமும் இல்லை. அந்த ஊர் மக்கள் போராடிப் பெற்ற பெருமை அது.

கடல் உள்ளே புகுந்து பின்வாங்கிய பிறகு, அது விட்டுச் சென்ற களர்நிலத்திலிருந்து எழுந்த உப்புத்தூள் ஊராரின் நுரையீரல்களை மெல்லக் கல்லாக்கிக்கொண்டிருந்தது. ஆய்வகத்தில் வளர்க்கும் புது நுரையீரல் அந்நோயைத் தீர்க்கும். ஆனால் வளர்பவையோ மிகச் சில. அவற்றை யாருக்குக் கொடுப்பது என்பதை முதலில் ஒரு கணிப்பொறி முடிவு செய்தது. அது ஒவ்வொருவரின் வயதையும் வருமானத்தையும் 'சமூகப் பயனையும்' எடைபோட்டது. ஆண்டுக் கணக்கில் உப்பளத் தொழிலாளர் எவருக்கும் கடலோடி எவருக்கும் புது நுரையீரல் வாய்க்கவில்லை. மக்கள் தெருவுக்கு வந்தார்கள். எங்களை எல்லாம் தெரிந்துவைத்திருக்கும் இயந்திரம் வேண்டாம், யாரையுமே தெரியாத காசு போதும் என்றார்கள். அவ்வாறே ஆயிற்று.

இப்போது முறை இதுதான். சம காலம் காத்திருக்கும் இருவருக்கு ஒரு நுரையீரல். நாளுக்கு ஓர் இணை, ஆளுக்கு மாதம் ஒரு முறை சுண்டல். ஒருவர் பூ கேட்பார், மற்றவர் தலை கேட்பார். தோற்றவர் அடுத்த மாதம் வேறொருவருடன் இணைக்கப்படுவார். சுண்டலுக்கு முன்னர் இருவருக்கும் தனித்தனியே ஒரு மூச்சுப்பெட்டியும் முன்வைக்கப்படும். முதுகில் மாட்டிக்கொள்ளும் அந்தக் கருவி பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உயிர் காக்கும். ஆனால் மின்னிணைப்பை விட்டு வெகுநேரம் விலக முடியாது, ஓட முடியாது, வாய்விட்டுச் சிரிக்கவும் முடியாது. பெட்டியை ஏற்றுக்கொண்டால் புது நுரையீரலுக்கான உரிமை அத்துடன் முடிந்தது.

பெட்டியா, காசா என்று முடிவெடுக்க வரும் குடும்பங்களுக்கு வாய்ப்புக் கணக்கை விளக்குவது அருள்வளனின் பணி. கணிதத்தில் முதுகலை பயின்றவன். குரலை உயர்த்திப் பேசி அறியாதவன். ஒவ்வொரு குடும்பத்திடமும் அவன் ஒரு வாக்கியத்தை மாற்றாமல் சொல்ல வேண்டும் என்பது விதி: "காசுக்கு நினைவு கிடையாது, இதுவரை எது விழுந்திருந்தாலும் இம்முறை உங்கள் வாய்ப்பு பாதியே."

ஓராண்டாக அதைச் சொல்லிவந்தான். சொல்லும்போதெல்லாம் எதிரே இருக்கும் முகம் வாடும். "பாதின்னு சொல்லதுக்கா சார் அவ்வளவு படிப்பு? எங்க ஊர்ல சீட்டாடுதவன் சொல்லுவான்" என்று ஒருவர் எழுந்து போனார். ஓர் அம்மையார் அவன் மேசை மீது தலையைச் சாய்த்துக்கொண்டார். அந்த வாக்கியத்தைத் தொடங்கும் முன்னரே நாக்கு உலர்ந்துபோகும் நிலைக்கு அவன் வந்திருந்தான்.

அப்படிப்பட்ட ஒரு காலையில்தான் சந்தனமாரி வந்தார். முள்ளக்காட்டு உப்பளத்தில் வேலை செய்தவர். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே மூச்சை எட்டிப் பிடித்துப் பேசினார். ஆயினும் கேலி குறையவில்லை.

"இது ஆறாவது தடவ சார். அஞ்சு தடவையும் பூதான் கேட்டேன். பூ பொம்பளைக்கு விழாம வேற யாருக்கு விழும்னு நெனச்சேன். அஞ்சு தடவையும் தலையா விழுது. அந்தக் காசு ஆம்பளயாத்தான் இருக்கணும்."

அருள்வளன் சிரித்துவிட்டான்.

"டாக்டரு பெட்டிய வாங்கிக்கிடச் சொல்லுதாரு. பெட்டியக் கட்டிக்கிட்டு சுவத்தோட சுவரா கிடக்கணும். நீங்க படிச்சவிய. வாங்கிக்கிடவா, வேண்டாமா?"

வாக்கியம் தொண்டைவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்தான். அது உள்ளேயே இறங்கிவிட்டது.

"அம்மா, ஒரு காசை ஆறு தடவை சுண்டினா, ஆறுமே தலையா விழுறதுக்கு அறுபத்துநாலுல ஒரு வாய்ப்புதாம்மா."

"அது எப்பிடி?"

"ஒரு தடவை தலை விழுறது ரெண்டுல ஒண்ணு. ரெண்டு தடவையும் தலைன்னா நாலுல ஒண்ணு. மூணும் தலைன்னா எட்டுல ஒண்ணு. இப்படி ஒவ்வொரு தடவையும் ரெட்டிப்பாகும். பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநாலு."

சந்தனமாரி விரல்களை மடக்கிப் பார்த்தார். முகத்தில் வெளிச்சம் ஏறிற்று. "அப்ப மிச்சம் அறுபத்துமூணும் எனக்கா?"

அந்த இடத்தில் அவன் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கணக்கு முதல் சுண்டலுக்கு முன்னால் நிற்பவருக்கு உரியது. ஐந்தைத் தாண்டி வந்துவிட்டவருக்கு எஞ்சியிருப்பது ஒரே ஒரு சுண்டல், அதில் பாதி இவருக்கு, பாதி எதிரே இருப்பவருக்கு. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். அருள்வளன் சொல்லவில்லை. அவன் உரைத்த எண்ணில் பிழை இல்லை. பொய் அவனுடைய புன்னகையில் இருந்தது.

"பெட்டி வேண்டாம் சார்," என்றார் சந்தனமாரி.

அடுத்த அறையில் காத்திருந்தவர்கள் சூசைமரியானும் அவருடைய மனைவி பிரகாசியும். சூசைமரியான் துறைமுகச் சாலையில் சுமை ஆட்டோ ஓட்டுபவர். நோயாளி பிரகாசி. அவர்கள் ஐந்து முறையும் தலை கேட்டவர்கள், ஐந்து முறையும் பூ விழக் கண்டவர்கள். அன்றைய சுண்டலில் சந்தனமாரிக்கு எதிராக அமரப்போகிறவர்கள்.

"என்ன சார், இந்தத் தடவையாவது கண்ணத் தொறக்குமா?" என்றார் சூசைமரியான்.

சொல்லக் கூசிய ஒன்றை ஒருமுறை சொல்லிவிட்டால் மறுமுறை அது தானாகவே வந்துவிடுகிறது. ஒரு வீட்டாருக்கு அளித்த ஆறுதலை மற்றொரு வீட்டாருக்கு மறுப்பது நடுநிலைக்கு இழுக்கு என்றுகூட அவனுக்கு அப்போது தோன்றியது. அதே கணக்கை, அதே பணிவுடன், அதே புன்னகையுடன் சொன்னான்.

"ஏளா, கேட்டியா? அறுபத்துநாலுல ஒண்ணுதான் நமக்கு எதிராம்," என்று மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார் சூசைமரியான். அவர்களும் பெட்டி வேண்டாம் என்றார்கள்.

மண்டபத்தில் குழாய்க்கு இடப்புறம் சந்தனமாரி, வலப்புறம் பிரகாசியும் கணவரும். விளக்க அலுவலர் நடுவே அமர வேண்டும் என்பது வழக்கம். அமர்ந்து, இருபுறமும் பார்த்தபோதுதான் அருள்வளனுக்கு உறைத்தது. இரு முகங்களிலும் ஒரே நம்பிக்கை, ஒரே அளவு. இவருக்கு அறுபத்து மூன்று பங்கு, அவருக்கும் அறுபத்து மூன்று பங்கு. அறுபத்து நான்கே பங்குள்ள ஒரு காசில் நூற்று இருபத்தாறு பங்கை வாரி வழங்கிவிட்டு வந்து அமர்ந்திருக்கிறான். காசு ஒன்று. விழப்போவதும் ஒருமுறை. எழுந்து நின்று, சற்றுப் பொறுங்கள், பிழை நேர்ந்துவிட்டது என்று சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. கூட்டத்தில் எழுந்து நிற்பது அவனால் ஆகாத காரியம். வேட்டியின் மடிப்பைச் சரிசெய்துகொண்டு அப்படியே இருந்தான்.

குழாய்க்குள் காசு எழுந்தது, சுழன்றது, விழுந்தது. பூ.

சந்தனமாரி இரு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு அருள்வளனைப் பார்த்து, மண்டபம் முழுவதும் கேட்கும்படி, "சார் சொன்ன கணக்கு தப்பவே இல்ல!" என்றார். பலர் திரும்பி அவனை மரியாதையுடன் நோக்கினார்கள். வலப்புறத்தில் பிரகாசி நிமிராமல் இருந்தார். சூசைமரியானும் மனைவியின் முதுகைத் தடவிக்கொண்டே அருள்வளனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான். மன்னிப்புக் கேட்பதைப் போல அல்லவா இருந்தது, ஏதோ தம் பங்குக் கணக்கைத் தாமே தவறவிட்டவரைப் போல!

மறுநாள் அவன் மேலதிகாரி மீனலோசனியின் அறைக்குச் சென்று, நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே கேட்டார்.

"நீங்க சொன்ன எண் தப்பா?"

"எண் சரிதாங்க மேடம்."

"அப்புறம் என்ன? விதிப்படி சொல்ல வேண்டியதையும் சொன்னதாத்தானே எழுதுவீங்க."

"சொல்லலீங்களே மேடம்."

"அருள்வளன், ஒரே நாள்ல ரெண்டு பெட்டி மிச்சம். மேலே கேட்டப்ப உங்க பேரைத்தான் சொன்னேன். மத்த அலுவலர்களும் உங்களை மாதிரி இதமாப் பேசணும்னு சொல்லியிருக்கேன். போங்க, போய் வேலையைப் பாருங்க."

"நன்றிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் வெளியே வந்தான். எதற்கு நன்றி சொன்னோம் என்று தாழ்வாரத்தில் நின்று நினைத்தபோது காது மடல்கள் சுட்டன.

அந்த மாதம் முழுவதும் சந்தனமாரியின் செய்தி உப்பளங்களிலும் மீன்பிடித் துறையிலும் பரவிக்கொண்டிருந்தது. "எனக்கு மூணு தடவ தப்பிப் போச்சு சார், இன்னும் எத்தன தப்பினா நிச்சயம்?" என்று கேட்டு வந்தார்கள். அவன் உரிய வாக்கியத்தைச் சொன்னான். அவர்கள் முகம் சுளித்தார்கள். "அந்தம்மாவுக்கு மட்டும் சொன்னிய. எங்களுக்குச் சொல்ல மாட்டியளோ? எங்க மொகம் நல்லால்லையா?" என்றார் ஒரு வலைகாரர். சிலர் பெட்டியை மறுத்தார்கள். அவர்களில் சிலருக்கு விழுந்தது, சிலருக்கு விழவில்லை. விழாதவர்கள் எவரும் அவனைத் தேடி வந்து குறை சொல்லவில்லை. காசு மண்டபத்தில் வெற்றிக்கு மட்டுமே வாய் உண்டு.

தங்களுக்குக் குறித்த அடுத்த சுண்டல் நாளன்று சூசைமரியானும் பிரகாசியும் மீண்டும் வந்தார்கள். பிரகாசியைச் சக்கர நாற்காலியில் அமர்த்தியிருந்தார்கள். உதடுகளில் நீலம் பாரித்திருந்தது. மருத்துவர் அருள்வளனைத் தனியே அழைத்து, இன்று புது நுரையீரலோ பெட்டியோ இரண்டில் ஒன்று கிடைத்தாக வேண்டும், இன்னொரு மாதத்தை இவர் பார்ப்பது அரிது என்று சொல்லியிருந்தார். இணைக்கப்பட்டிருந்தவர் ஆறுமுகநேரிப் பக்கத்து முதியவர் ஒருவர்.

சூசைமரியான் உற்சாகமாகவே இருந்தார். அமர்வதற்கு முன்பே தொடங்கிவிட்டார்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். ஒரு மாசமா வண்டி ஓட்டிக்கிட்டே நானே போட்டுப் பாத்துட்டேன். ஏழு தடவையும் பூ விழணும்னா நூத்திருபத்தெட்டுல ஒண்ணு. சரிதானா? போன தடவையவிட ரெட்டிப்பு நல்லது. பெட்டி வேண்டாம்னு எழுதிக்கிடுங்க."

"ஐயா, ஒரு நிமிஷம். காசுக்கு நினைவு கிடையாது. இதுவரை எது விழுந்திருந்தாலும் இம்முறை உங்கள் வாய்ப்பு பாதியே."

சூசைமரியான் சிரித்தார். "இது அந்தப் பழைய பாட்டுல்லா? இத எல்லாத்துக்கிட்டயும் சொல்லணும்னு மேல உத்தரவு போட்டிருக்காக. எனக்குத் தெரியும். நம்மகிட்ட நீங்க உள்ளதத்தான் சொன்னிய."

"இல்லைங்க ஐயா. இதுதான் உள்ளது. அன்னைக்குச் சொன்னது முதல் தடவை சுண்டுறதுக்கு முன்னால சொல்ல வேண்டிய கணக்கு. விழுந்து முடிஞ்ச ஆறும் முடிஞ்சு போச்சு. இனி ஒரே ஒரு சுண்டல்தான். அதுல பாதி."

"அப்ப அந்தச் சந்தனமாரிக்கு எப்பிடி விழுந்துச்சு? நீங்க சொன்னாப்புலதான விழுந்துச்சு!"

அருள்வளன் மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டான். எவ்வளவு கணிதம் சொன்னாலும் இவர் நம்பப்போவதில்லை என்பது புரிந்தது. நம்ப வைக்க ஒரே ஒரு சான்றுதான் கைவசம் இருந்தது. அதை எடுத்து வைத்தால் இந்த மனிதர் இனி ஒருநாளும் தன் முகத்தில் விழிக்க மாட்டார். பிரகாசியின் மூச்சு சீழ்க்கை போல ஒலித்துக்கொண்டிருந்தது.

"ஐயா, அன்னைக்கு உங்களைப் பார்க்கிறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி அந்தம்மாவைப் பார்த்தேன். அவங்களுக்கும் அஞ்சு தடவை தப்பியிருந்தது. உங்ககிட்டச் சொன்ன அதே கணக்கை அவங்ககிட்டயும் சொன்னேன். அறுபத்துநாலுல ஒண்ணுதான் எதிரா இருக்குன்னு அவங்களும் நம்பிக்கிட்டுப் போனாங்க. நீங்களும் நம்பிக்கிட்டுப் போனீங்க. ஒரே காசுக்கு."

சூசைமரியான் விரல்களை மடக்கினார். அவர் எதையோ கூட்டிப் பார்ப்பதும், அது கூடாமல் போவதும் முகத்தில் தெரிந்தது.

முதலில் பேசியது பிரகாசி. "அப்ப எங்க... ரெண்டு பேருல ஒருத்தர்ட்ட... பொய் சொல்லியிருக்கிய."

"இல்லம்மா," என்றான் அருள்வளன். "ரெண்டு பேர்கிட்டயும்."

"எதுக்கு சார்?" சூசைமரியான் எழுந்துவிட்டார். "நாங்க உங்களுக்கு என்ன செஞ்சோம்?"

"ஒண்ணும் செய்யலைங்க. உங்க முகத்தைப் பார்த்துப் பாதின்னு சொல்லக் கூச்சமா இருந்துச்சு, வாய் வரலை."

"உங்களுக்கு வாய் வரலைன்னா அதுக்கு எம் பொண்டாட்டி மூச்சா? போன மாசமே பெட்டிய வாங்கியிருந்தா இவ இப்பிடியா இருப்பா? கூச்சமாம்ல கூச்சம்!"

அறைக்கு வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அருள்வளன் தலையைக் குனிந்துகொண்டான். காலில் விழ வேண்டும் போலிருந்தது. அதுவும் அவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும் என்ற எண்ணமும் கூடவே வந்தது.

பிரகாசி கணவரின் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார். "சத்தம் போடாதிய. பாதிய வச்சுக்கிட்டு... நான் என்ன செய்ய? பெட்டியக் கொண்டாரச் சொல்லுங்க."

பெட்டியை ஏற்றுக்கொண்டதற்கான கைரேகையை அவரே வைத்தார். ஆறுமுகநேரி முதியவருக்கு நுரையீரல் போட்டியின்றி உறுதியாயிற்று. மருத்துவர் பிரகாசியை உள் அறைக்கு அழைத்துச் சென்று பெட்டியைப் பொருத்தத் தொடங்கினார். வண்டியில் மின்னிணைப்புக் கொடுக்க வேண்டும், இருக்கையைச் சாய்க்க வேண்டும் என்று சூசைமரியான் வாசலுக்கு ஓடினார்.

ஒருவர் விலகிவிட்டாலும் அன்று குறித்த சுண்டலை நிறுத்துவதில்லை. யாருக்காகவோ காசுக்கு ஓய்வு கொடுத்தார்கள் என்று பின்னர் ஒருவரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா? பலகையில் முடிவு போடுவதில்லை, மண்டபத்தில் ஆட்களை அமர்த்துவதுமில்லை. விளக்க அலுவலர் மட்டும் நின்று பார்த்தால் போதும். அருள்வளன் வெறும் நாற்காலிகளுக்கு நடுவே நின்று பார்த்தான்.

காசு எழுந்தது, சுழன்றது, விழுந்தது. தலை.

அவன் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தான் சொன்னது சரி, அவர்கள் முடிவெடுத்ததும் சரி என்று கணிதம் கூறிற்று. பாதி என்பது இப்படியும் விழும் என்பதுதானே பொருள்? அவன் பொய் சொன்ன நாளில் ஒரு பெண்மணி புது நுரையீரலோடு வீட்டுக்குப் போனார். உண்மை சொன்ன நாளில் இன்னொருவர் அதை வாசல்வரை வந்து விட்டுவிட்டுப் போகிறார். இரண்டிலும் காசுக்குக் கூச்சம் இல்லை.

விடைபெற்றுக்கொள்ளவாவது வேண்டும் என்று உள் அறைக்குச் சென்றான். பெட்டி பொருத்தியாகிவிட்டது. ஒரே சீராக அது காற்றை இழுத்துவிடும் ஓசை கேட்டது. பிரகாசியின் உதடுகளில் நீலம் மங்கியிருந்தது. மருத்துவர் வெளியேறியதும் அவர் அருள்வளனைப் பார்த்தார்.

"சுண்டினாகளா?"

"சுண்டினாங்கம்மா."

"என்ன விழுந்துச்சு?"

பூ என்ற சொல் அவன் நாவில் ஆயத்தமாக இருந்தது. எவ்வளவு சிறிய சொல்! ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. இந்த அம்மையார் நிம்மதியாகத் தூங்குவார். அதை விழுங்கிக்கொண்டான்.

"தலைம்மா."

பிரகாசி கண்களை மூடிக்கொண்டார். பெட்டி இழுத்தது, விட்டது. மீண்டும் இழுத்தது, விட்டது. கன்னத்தில் ஒரு கோடு இறங்கிக் காதுக்குள் போயிற்று. அவர் அதைத் துடைத்துக்கொள்ளவில்லை. திரும்பவும் பேசியபோது, சொற்களுக்கு நடுவே இளைப்பு இல்லை.

"அவுகட்ட பூன்னு சொல்லிருங்க. தலைன்னு தெரிஞ்சா அந்த மனுசன் தாங்க மாட்டாக. ஆயுசுக்கும் அதையே சொல்லிச் சொல்லிச் சாவாக."

"அம்மா, நான் இனிமே..."

"எனக்காக ஒரு பொய் சொன்னா உங்க வாய் அவிஞ்சா போவும்? அன்னைக்கு யாரும் கேக்காமலே சொன்னியள்லா?"

வாசலில் செருப்பு ஓசை கேட்டது. சூசைமரியான் வியர்த்து வழிய உள்ளே வந்தார். மனைவியின் உதடுகளைக் கண்டதும் நின்றுவிட்டார். குனிந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, கேட்கவா வேண்டாமா என்று தயங்கி, அருள்வளன் பக்கம் திரும்பினார்.

"என்ன சார் விழுந்துச்சு?"

பிரகாசி கண்களைத் திறக்கவில்லை.

"பூ விழுந்துச்சுங்க ஐயா," என்றான் அருள்வளன்.

சூசைமரியான் மார்பில் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார். சற்று முன் அத்தனை பேர் கேட்க ஏசிய அந்த மனிதர், அருகில் வந்து அவன் வலக்கையைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். மின்கம்பிகளைப் பிடித்து வந்த அக்கைகளில் கரி அப்பியிருந்தது.

"நல்ல வேள சார்," என்றார். "நீங்க உண்மையச் சொன்னிய."